சுவரை மெழுகுவது யார்?

பத்து நாளாக ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு: உடம்புக்கு ஒன்றுமில்லை, சென்னைக்குப் போயிருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள்.

போனது ஆர்கிடெக்டுகள் மாநாட்டுக்கு. "இடைநிலை ஆசிரியைக்கு அங்கே என்னத்தை வேலை?" என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், முப்பத்து மூன்று வருடம் மலைப் பள்ளிகளில் அ ஆவன்னா. கட்டடம் என்றால் எனக்குத் தெரிந்தது, மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான்.

நாலைந்து வருடம் முன்பு எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மண் அடுப்படியைப் படம் பிடித்து முகநூலில் போட்டேன். "அம்மா கட்டியது" என்று இரண்டே சொல். அதுவரை என் பதிவுக்கு விருப்பம் போடுவது பழைய மாணவர்களும் சொந்தக்காரர்களும்தான். அன்றைக்கு முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்தார்கள். சுவர் எத்தனை அங்குலம், மூங்கிலை எந்த மாசம் வெட்டினார்கள், மண்ணில் என்ன கலந்தார்கள் என்று ஒரே கேள்வி. தேய்பிறையில் வெட்டினால் மூங்கிலில் வண்டு விழாது என்று அம்மா சொன்னதை எழுதினேன். அதை நூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட நட்பு ஆறேழு பேர். முகம் பார்க்காத நட்பு.

அதில் ஒருவரோடு சண்டையும் உண்டு. புதுச்சேரிப் பக்கம் மண்கல் அறுத்து வீடு கட்டும் தம்பி. 2024இல் கலைஞர் கனவு இல்லம் திட்டம் வந்தபோது, எங்கள் மலையில் குடிசையில் இருப்பவர்களுக்கும் 360 சதுர அடியில், மூன்றரை லட்சம் ரூபாயில் வீடு கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டு எழுதினேன். "இன்னும் லட்சம் கான்கிரீட் பெட்டி" என்று கீழே எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. "ஒழுகும் குடிசையில் ஒரு ஐப்பசி மாசம் படுத்துப் பார்த்துவிட்டு வா தம்பி" என்று பதில் போட்டேன். அதோடு மூன்று மாதம் பேச்சில்லை. பார்த்தால், "ஊர் மக்கள் கட்டிய வீடுகள்" என்ற அமர்வில் பத்து நிமிடம் பேச என் பெயரைக் கொடுத்ததே அவர்தானாம்.

செம்மேட்டில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேந்தமங்கலம், நாமக்கல், சேலம். அங்கிருந்து ராத்திரி ரயில். அறுபது வயதுக்கு மேல் எழுபது வளைவையும் எண்ணிக்கொண்டே இறங்குவது எனக்கு ஒரு வேண்டுதல் மாதிரி. வாந்தி வராமல் இருக்க அதுதான் மருந்து.

மாநாட்டு அரங்கம் எங்கள் மார்கழியைவிடக் குளிர். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். வெளியே முழுக்கக் கடைகள்: டைல்ஸ், கண்ணாடி, குழாய். ஒரு தண்ணீர்க் குழாயின் விலையை விசாரித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தேன், தண்ணீர் வரவில்லை.

முதலில் காரைக்குடி ஐயாவைத் தேடினேன். ஐயா என்றுதான் நான்கு வருடமாக எழுதி வந்தேன். முகப்புப் படம் ஒரு தேக்குத் தூண். எழுதுவது சுத்தத் தமிழ், ஒற்றுப்பிழை இருக்காது. எழுபது வயதுப் பெரியவர், வெள்ளை வேட்டி, விபூதி என்று மனதில் வைத்திருந்தேன். முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் ஓடி வந்து, "டீச்சர், நான்தான் உங்க ஐயா" என்று கட்டிக்கொண்டாள். இருபத்தெட்டு வயது. எனக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. "கண்ணு, நீயா எனக்குப் பேரன் பிறந்ததுக்கு வாழ்த்துப்பா எழுதினே?" என்றேன்.

மண்கல் தம்பி மட்டும் தூரத்திலேயே நின்றார். தாடியெல்லாம் நரைத்த தம்பி. "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான் அப்போதைக்கு.

அந்தப் பெண்ணிடம்தான் பல விஷயம் தெரிந்துகொண்டேன். 1917இல் மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் தொடங்கிய சின்னச் சங்கம்தான் 1929இல் இந்தியக் கட்டடக் கலைஞர்கள் கழகமாக மாறியதாம். 1972இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டும்தான் ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் எங்கம்மா போட்டுக்கொள்ள முடியாது என்றேன். "அம்மா கோர்ட்டுக்குப் போனா ஜெயிப்பாங்க டீச்சர்" என்றாள்.

எனக்கு முன்னால் பேசிய பையன் பிரான்சிஸ் கேரே என்பவரைப் பற்றிப் படம் காட்டினான். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர், ஜெர்மனியில் படித்தவர். படிக்கும்போதே காசு திரட்டி, 2001இல் தன் ஊருக்கு மண் கல்லால் ஒரு ஆரம்பப் பள்ளி கட்டியிருக்கிறார். 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு. எனக்குப் பிடித்தது பரிசு இல்லை, கூரை. உள்ளே மண் கல்லில் ஓட்டை விட்ட ஒரு மேல்தளம், அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தகரம். வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ளும், சூடு இடைவெளியில் போய்விடும். மழைச் சத்தமும் நேராகப் பிள்ளைகள் தலையில் இறங்காது என்று நானே நினைத்துக்கொண்டேன். இதை முப்பது வருடம் முன்னால் யாராவது எங்கள் பள்ளிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்புறம் என் முறை. மேடை ஏறித் திரும்பினால், அம்மாவின் அடுப்படி பன்னிரண்டு அடி உயரத்துக்குத் திரையில் நிற்கிறது. எழுதிக்கொண்டு போன காகிதத்தில் நன்றி, வணக்கம், சங்க காலம், வல்வில் ஓரி எல்லாம் இருந்தது. அது எதுவும் வாயில் வரவில்லை. நான் சொன்னது இதுதான்:

"இந்த அடுப்படிக்கு முன்னால் இருந்தது எங்கள் பழைய வீடு. மூங்கில் பிளாச்சு கட்டி, இரண்டு பக்கமும் செம்மண் அப்பி, புல் வேய்ந்த வீடு. இன்றைக்கு இருந்தால் நீங்களெல்லாம் வந்து படம் பிடிப்பீர்கள். 1994இல் கடன் வாங்கி அதை இடித்தது நான்தான். இடிக்கச் சொன்னது அம்மா. வாரத்துக்கு ஒரு தரம் தரையை, மழைக்கு அப்புறம் சுவரை, சாணி கரைத்து மெழுகுவது அவர்தான். ஏழு வயதிலிருந்து நானும். விரல் நகக்கண்ணெல்லாம் சேற்றுப்புண். அந்தக் கையோடு பரீட்சை எழுதியிருக்கிறேன். காலையிலிருந்து இங்கே முப்பது மண் சுவர்ப் படம் பார்த்தேன். எல்லாம் அழகு. மெழுகுகிற கை ஒரு படத்தில்கூட இல்லை. மண் வீடு நல்லது, குளிர்ச்சி, செலவு கம்மி என்கிறீர்கள். பொம்பளை கைக்குக் கூலி போடாததால்தான் செலவு கம்மி."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே பயம். ஆனால் பாதியில் நிறுத்தினால் அம்மாவுக்குத் துரோகம். மீதியையும் சொன்னேன்.

கான்கிரீட் வீட்டுக்குப் போன முதல் மார்கழியில் அம்மா இராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தளத்தில் வேர்வை மாதிரி தண்ணீர் கோத்து நின்றது. அதைத் துணியால் துடைத்துவிடலாம். விதையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. பழைய வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் சாமையும் திணையும் புகை குடித்துக்கொண்டே இருக்கும், பூச்சி அண்டாது. புது வீட்டில் கேஸ் அடுப்பு. டப்பாவில் போட்டு மூடி வைத்த சாமை விதை அடுத்த விதைப்புக்குள் மாவாகப் போயிற்று. அம்மா அழுது நான் பார்த்தது இரண்டு தரம், அதில் ஒன்று அன்றைக்கு. மறு வருடமே என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொல்லையில் தானே மண் குழைத்து இந்த அடுப்படியைக் கட்டினார். எட்டுக்குப் பத்து. அந்த அளவு இருந்தால் ஒரே ஆள் ஒரு பொழுதில் மெழுகிவிடலாம். பக்கத்தில் கேட்டவர்களுக்கு அந்தக் கணக்கைத்தான் சொன்னாராம்.

பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. நேரம் பார்க்கிற பையன் மணியடிக்க மறந்துவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டில் தம்பி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "நான் அந்தக் கமெண்ட்டை அப்படிப் போட்டிருக்கக் கூடாது டீச்சர்." நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஐப்பசியை இழுத்திருக்கக் கூடாது" என்றேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். ஆரோவில்லில் கற்றுக்கொண்ட முறை: மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து மிஷினில் அமுக்கி, சூளை வைக்காமல் உலர்த்தும் கல். சாணி மெழுக வேண்டியதில்லை. காந்தி சொன்னதைக் கேட்டு, வீடு கட்டுகிற இடத்துக்கு ஐந்து மைல் சுற்றில் கிடைப்பதைக் கொண்டே கட்ட வேண்டும் என்று நம்பியவர் லாரி பேக்கர். அவர்தான் தனக்குச் சாமி என்றார்.

ஐந்து மைல் என்றால் எங்கள் மலையில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். செம்மண் கிடைக்கும். கூரைக்குப் புல் கிடைக்காது. புல் வளர்ந்த தரிசெல்லாம் மரவள்ளி ஆகிவிட்டது, கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. சாமைக் காடும் அப்படித்தான் குறைந்தது. "உங்க மிஷினை எழுபது வளைவு ஏத்த லாரி வாடகை யார் குடுப்பா தம்பி?" என்றேன். உடனே செல்போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கோபக்காரர்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், கேள்வி கேட்டால் வேலை செய்வார்கள்.

மறுநாள் எல்லோருமாக முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனோம். 1996இல் திறந்த இடம், வளாகத்தின் வடிவமைப்பில் பேக்கரின் கை உண்டு. அங்கங்கே இடிக்க இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு காரைக்குடிப் பெண் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள், ஆசிரியை நான் மாணவி. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மர வீட்டில் கையால் தடவித் தடவி நடந்தேன். நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, 1994இல் நம் வீட்டையும் யாராவது இப்படிப் பிரித்து எடுத்துப் போயிருக்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. மூங்கில் பிளாச்சில் அப்பிய மண்ணை எப்படிப் பிரிப்பது? உதிர்ந்துதான் போகும். உதிர்ந்ததை அப்பா அள்ளி மிளகுக் கொடிக்குப் போட்டார். அந்தக் கொடி இன்னும் காய்க்கிறது.

அம்மா போய் ஒன்பது வருடம். அடுப்படியை நான்தான் மெழுகிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வடக்குப் பக்கச் சுவரில் மூங்கில் தெரிகிறது. பரணில் சாமை விதை மட்டும் இருக்கிறது, அதற்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விறகு வைத்துக் கொஞ்சம் புகை போடுகிறேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் குழுவில் தம்பியின் செய்தி. தை பிறந்ததும் நாலு பேராகக் கிளம்பி வருகிறார்களாம், அடுப்படியை அளந்து வரைய வேண்டுமாம். "வருவதற்கு முன் சுவரைச் சரிசெய்து வையுங்கள் டீச்சர், படம் நன்றாக வரும்" என்று வேறு. ஆள் கிடைக்கவில்லை, கூலியும் ஏறிவிட்டது என்று எழுதிவிட்டு, சாணியும் செம்மண்ணும் தயாராக இருக்கும், நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று சேர்த்துப் போட்டேன்.

நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும் டீச்சர்?" என்று வந்தது.

விடிகாலை ஆறு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.