சவெனியேர்: லுவார் கரைத் திராட்சை ஊர்

சவெனியேர், பிரான்சின் மேற்கில் லுவார் ஆற்றின் வலது கரையில் அமைந்த சிற்றூர். ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது. 1214-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முற்றுகையிட்டு, பிரெஞ்சு இளவரசர் லூயியின் படை நெருங்கியதும் கைவிட்டு ஓடிய லா ரோஷ் ஓ முவான் கோட்டை இவ்வூரில்தான் இருந்தது.

ஊரின் புகழுக்குக் காரணம் திராட்சை. ஆற்றை நோக்கிச் சரியும் குன்றுகளில் ஏடு ஏடாக உடையும் ஷிஸ்ட் பாறையின்மேல் மேல்மண் மெல்லியதாகப் படிந்துள்ளது, மழைநீர் தங்குவதில்லை. செனின் பிளாங்க் என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து இங்கு வெள்ளை ஒயின் தயாராகிறது. ஊர்ப்பெயரை ஒயின் புட்டியின் சீட்டில் இடும் சட்ட உரிமை 1952-இல் கிடைத்தது.

இவ்வூர்த் தோட்டங்களுள் பெயர்பெற்றது கூலே த செரான். சிஸ்டெர்சியன் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் நட்ட இத்தோட்டத்தின் பரப்பு சுமார் 7 ஹெக்டேர். இதன் ஒயினுக்குத் தனிப் பிறப்பிடப் பெயர் உண்டு. தோட்டம் முழுவதும் ஜோலி குடும்பத்துக்கே சொந்தம். வங்கி வேலையை விட்டு 1970-களின் பிற்பகுதியில் தோட்டத்துக்குத் திரும்பிய அக்குடும்பத்து நிக்கோலா ஜோலி, களைக்கொல்லியால் மண் கெடுவதைக் கண்டு மாற்று வழி தேடினார். 1980-களில் தோட்டம் முழுவதும் பயோடைனமிக் முறைக்கு மாறியது.

ருடால்ஃப் ஸ்டைனர் 1924-இல் ஆற்றிய சொற்பொழிவுகள் இம்முறைக்கு அடிப்படை. இயற்கை வேளாண்மையைப் போலவே செயற்கை உரமும் இரசாயனப் பூச்சிக்கொல்லியும் இதில் விலக்கு. கூடுதலாக, பசுவின் கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, பின் நீரில் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிக்கின்றனர். பொடித்த குவார்ட்ஸைக் கோடையில் அவ்வாறே புதைத்து எடுத்து இலைகளில் தெளிக்கின்றனர். சாமந்தி இனப் பூக்கள், ஓக் மரப்பட்டை முதலியவை தொழுவுரத்தில் சேர்கின்றன. வேலைகளுக்கு நாள் குறிப்பதில் நிலவின் இயக்கமும் பார்க்கப்படுகிறது. கூலே த செரானின் செங்குத்தான சரிவுகளைக் குதிரை பூட்டி உழுகின்றனர். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் ஆகியவற்றைத் தடுக்கக் கந்தகமும் செம்பும் அளவோடு அனுமதிக்கப்படுகின்றன.

கொம்பு உரத்துக்கும் நிலவு நாள்காட்டிக்கும் தனிப் பயன் உண்டென்பது அறிவியல் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மண்வளம் கூடுவதற்குத் தொழுவுரமும் இரசாயனத் தவிர்ப்புமே காரணம் என்பார் பலர். ஆயினும் இம்முறை இத்தோட்டத்தோடு நிற்கவில்லை. ஜோலி 2001-இல் தொடங்கிய உற்பத்தியாளர் குழு பல நாட்டுத் தோட்டக்காரர்களை இணைத்தது. கூலே த செரானில் ஒயின் தயாரிக்கும் பொறுப்பு அவருடைய மகள் விர்ஜினியிடம் வந்துள்ளது.