இரவல் ஜெபங்கள்

எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பது ஜெபமாகுமா என்ற கேள்வி எங்கள் சனத்திடையே இன்னும் உயிரோடு இருக்கிறது. லண்டன் ஹரோவில் ஞாயிறு பின்னேரங்களில் ஆங்கிலச் சபைகளின் மண்டபங்களில் கூடும் தமிழ் விசுவாசிகளுக்கு ஜெபம் என்றால் நெஞ்சிலிருந்து பொங்கி வரவேண்டும். குரல் உயரவேண்டும், கண்ணீர் வழியவேண்டும், நேரம் போவது தெரியக்கூடாது. அந்த ஜெபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். விசா அலைச்சலிலும் ஊரிலிருந்து வந்த சாவுச் செய்திகளிலும் அது எத்தனை பேரைத் தாங்கியது என்று கண்ணால் கண்டவன் நான். ஆனால் ஞாயிறு கழிந்து செவ்வாய் வருகிறது. இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கட்டிலில் சாய்பவரிடம் பொங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? "ஜெப வாழ்க்கை வறண்டு போச்சுது" என்று சொல்பவர்களுக்கு விசுவாசம் அப்படியே இருக்கிறது, சொல்தான் தீர்ந்திருக்கிறது. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: மற்றவர்களுடைய ஜெபத்தை இரவல் வாங்குங்கள்.

இரவல் கொடுக்க ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். ஹரோ-ஆன்-தி-ஹில் நிலையத்தில் இறங்கிக் குன்றைப் பார்த்தால், மரங்களுக்கு மேலே ஈயத் தகடு போர்த்த ஊசிக் கோபுரம் தெரியும். புனித மரியாள் ஆலயம். கேன்டர்பரி பேராயர் லான்ஃப்ராங்க் 1087-இல் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த அன்செல்ம் 1094 ஜனவரி 4 அன்று அதைப் பிரதிஷ்டை செய்தார். இந்த மறைமாவட்டம் என்னுடையது, நீர் எப்படிப் பிரதிஷ்டை செய்யலாம் என்று லண்டன் ஆயர் தகராறு செய்ததையும் வரலாறு மறக்கவில்லை. குன்றேறும் பயணிகளில் பலர் கவிஞர் பைரனைத் தேடி வருகிறார்கள். ஹரோ பள்ளியில் படித்த காலத்தில் அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்துக் கல்லொன்றில் உட்கார்ந்திருப்பாராம். எனக்கு அந்த மேட்டுக்குச் சொந்தக்காரர் அன்செல்ம்தான்.

அவரும் புலம்பெயர்ந்தவர். இத்தாலியின் ஆஸ்டாவில் பிறந்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகி, விருப்பமில்லாமலே இங்கிலாந்தின் பேராயராக்கப்பட்டவர். 1093-இல் ஆயர்கள் அவருடைய மூடிய கைக்குள் ஆயர் கோலைத் திணிக்கப் பார்த்தார்கள் என்று அவர் சரித்திரத்தை எழுதிய ஈட்மர் சொல்கிறார். பிறகு அரசர்களோடு பிணக்கு; இரண்டு முறை நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்தார். இறையியல் படித்தவர்கள் அவரைக் கடவுள் இருப்பதற்கான தர்க்கத்துக்காக அறிவார்கள். 1077-78-இல் எழுதிய 'ப்ரோஸ்லோகியோன்' நூலில் இருக்கிறது அந்தத் தர்க்கம். அந்த நூலோ ஜெபத்தில்தான் தொடங்குகிறது. வேலைகளைச் சற்று ஒதுக்கி வைத்து, மனதின் உள்ளறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட பிறகே சிந்திக்க ஆரம்பிக்கிறார்.

மற்றவர்கள் ஜெபிப்பதற்கென்றே அவர் பல ஜெபங்களை எழுதினார். 1104-இல், வெளிநாட்டில் தங்கியிருந்த நாட்களில், அவற்றைத் தொகுத்து டஸ்கனியின் மட்டில்டா சீமாட்டிக்கு அனுப்பினார். முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம் இது: இரைச்சலுக்குள் இவற்றைப் படிக்கவேண்டாம். வேகமாக ஓடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் படியுங்கள். தொடக்கத்திலிருந்து தொடங்கவேண்டிய கட்டாயம் இல்லை, எங்கிருந்தும் தொடங்கலாம். முழுவதையும் முடிக்கவும் வேண்டாம். உள்ளம் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால் அந்த இடத்தோடு போதும்.

ஒரு பேராயர், அதுவும் ஒரு மடத்தின் தலைவராய் இருந்தவர், 'முடிக்கவேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். எத்தனை மணி நேரம் ஜெபித்தோம் என்பதை அளவுகோலாக வைத்திருக்கும் எங்களுக்கு இது பெரிய விடுதலை. அவர் பின்பற்றிய பெனடிக்ட் ஒழுங்கும், தேவகிருபை நீட்டினாலொழிய ஜெபம் குறுகியதாகவும் தூயதாகவும் இருக்கட்டும் என்றே சொல்கிறது. மெட்ரோபொலிட்டன் ரயிலில் நான் சங்கீதத்தை அப்படித்தான் படிக்கிறேன். ஒரு வரியில் மனம் சிக்கினால் அதற்கப்பால் போவதில்லை. பேக்கர் ஸ்ட்ரீட் வரும்வரை அந்த ஒரு வரிதான்.

இதை வெள்ளைக்காரருடைய பழக்கம் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் விளக்கு வைத்த பிறகு பாயில் உட்கார்ந்து அம்மம்மா சொன்ன ஜெபங்களில் பாதி அவருடைய சொந்தச் சொற்கள் அல்ல. சங்கீதமும், ஞானப்பாட்டும், ஆராதனைப் புத்தகத்துப் பாவ அறிக்கையும் கலந்து வந்தன. குண்டு விழுந்த இரவுகளில் பங்கருக்குள் நாங்கள் சேர்ந்து சொன்னது 91-ஆம் சங்கீதம். அந்த இருட்டில் பயந்த பிள்ளைகளால் சொந்தமாக என்ன வாக்கியம் அமைத்திருக்க முடியும்? பொது ஜெபப் புத்தகத்தை மிஷனரி ரொட்லர் தமிழுக்குக் கொண்டுவந்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) சபையார் வீட்டிலும் கோயிலிலும் பாடி ஜெபிக்கப் பாட்டுப் பாட்டாக எழுதிக் குவித்தார். அந்தக் களஞ்சியத்தைப் பூட்டி வைத்துவிட்டு வறட்சி என்று நாம் அழுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உதட்டளவில் ஓதிவிட்டு எழும் ஆபத்து உண்மைதான். வீண் வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்று இயேசுவே எச்சரித்தார். ஆனால் ஜெபிக்கக் கற்றுத்தாரும் என்று சீஷர்கள் கேட்டபோது அவர் கையில் கொடுத்தது அமைந்த சொற்களுள்ள ஒரு ஜெபம். சிலுவையில் அவர் வாயில் வந்தவை 22-ஆம் சங்கீதமும் 31-ஆம் சங்கீதமும். உயிர் போகும் வேளையில் தேவகுமாரனே முன்னோரின் சொற்களைக் கடன் வாங்கினார் என்றால், நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இரவல் ஜெபத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. என் சொந்த ஜெபம் எனக்குத் தெரிந்த வழியிலேயே நடக்கும். பிள்ளையின் பரீட்சை, வீட்டுக் கடன், ஊரில் அண்ணாவின் சலரோகம். எங்கள் வீட்டை எரித்தவர்களுக்காக அது ஒருபோதும் தானாக வாய் திறந்ததில்லை. அன்செல்ம் நண்பர்களுக்காக ஒரு ஜெபமும் பகைவர்களுக்காக ஒரு ஜெபமும் எழுதியிருக்கிறார். தனக்கு வேண்டிய நன்மையை அவர்களுக்கும் கொடும் என்று கேட்டுக்கொண்டே வருகிறவர், ஓரிடத்தில் தன் மனதையே நம்பாமல், நான் கேட்பதில் அன்புக்குப் புறம்பானது ஏதும் கலந்திருந்தால் அதை அவர்களுக்கும் செய்யாதேயும், எனக்கும் திருப்பித் தராதேயும் என்கிறார். முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். கோபத்துக்கு இடம் வேண்டும் என்பதை வேதமும் அறியும். 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வரிகளை முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு படித்த தமிழருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கத் தொடங்கினேன்: முதலில் சங்கீதம், பிறகு அன்செல்ம். சங்கீதத்தை முழு மனதோடு சொல்கிறேன். அன்செல்மின் ஜெபத்தை இன்னும் பாதி மனதோடுதான் சொல்ல முடிகிறது. தன்னையே நம்பாத அந்த வரி எழுதப்பட்டிருப்பது அந்தப் பாதி மனதுக்காகத்தான் என்று நம்பி, மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரவல் ஜெபம் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். அவர்கள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. சபை மண்டபத்தில் பெரியவர்களின் நீண்ட ஜெபத்துக்குள் அவர்களால் நுழைய முடிவதில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஆறு, ஏழு சங்கீதங்களைத் தமிழ் எழுத்திலும், அதே தமிழை ஆங்கில எழுத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். ஒரு வரி அவர்கள் சொல்லட்டும், மறுவரி நாங்கள் சொல்வோம். எங்கள் வீட்டில் 23-இலும் 121-இலும் தொடங்கியிருக்கிறோம். மகனின் உச்சரிப்பை அவன் தங்கை திருத்துகிறாள். 91-ஐ எப்போது சேர்ப்பது, அதோடு பங்கர் கதையையும் சொல்வதா என்பதில் மனைவிக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.