உறையில் அச்சான பெயர்கள்

1993, மான்செஸ்டர். 'பிளட் அண்ட் ஃபயர்' என்ற பெயரில் ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் தொடங்குகிறது. புதுப் பாடகர் யாரையும் அது தேடவில்லை. 1970களில் ஜமைக்காவில் பதிவான ரூட்ஸ் ரெக்கே, டப் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுவது மட்டுமே அதன் வேலை. பணம் போட்டவர்களில் ஒருவர் 'சிம்ப்ளி ரெட்' குழுவின் பாடகர் மிக் ஹக்னால். அவர்களுடைய 'ஸ்டார்ஸ்' ஆல்பம் 1991இல் வந்து பிரிட்டனில் வீடு வீடாகப் போயிருந்தது. பாப் பாட்டில் சேர்ந்த காசு கிங்ஸ்டனின் பழைய நாடாக்களுக்குச் செலவானது. அந்தக் காசுக்கு இதைவிட நல்ல செலவு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்த நிறுவனத்தின் காதும் நினைவாற்றலும் ஸ்டீவ் பாரோ. லண்டன்காரர், ரெக்கே விற்கும் இசைத்தட்டுக் கடையில் நின்று கற்றவர். 'டஃபர் தான் டஃப்' என்ற நான்கு குறுந்தட்டுத் தொகுப்பில் ஜமைக்கா இசையின் வரலாற்றையே வரிசைப்படுத்தியவர். அதுவும் 1993தான். பிறகு 1997இல் பீட்டர் டால்ட்டனோடு சேர்ந்து 'ரஃப் கைடு டு ரெக்கே' எழுதினார். எந்தப் பாட்டு எந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது, டிரம்ஸ் வாசித்தது யார் என்று கேட்டால் இன்றும் பலர் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

நிறுவனத்தின் பெயர், ஜமைக்கா இசைக்காரர் நைனி எழுதிய ஒரு பாட்டின் பெயர். வின்ஸ்டன் ஹோல்னஸ் என்பது அவர் இயற்பெயர். பட்டறை விபத்தில் ஒரு கட்டைவிரலை இழந்தவர். மீதி ஒன்பது விரல், அதனால் நைனி.

*

மறுவெளியீடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு கிங்ஸ்டனின் தொழில்முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடகன் காலையில் கூடத்தின் வாசலில் போய் நிற்பான். தயாரிப்பாளர் கூப்பிட்டால் பாடுவான். கையில் ஒரு தொகை வரும், அதோடு கணக்குத் தீர்ந்தது. பாட்டு நூறு விற்றாலும் லட்சம் விற்றாலும் அவனுக்கு அவ்வளவுதான். வாத்தியக்காரர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வெளிவந்த ஏழு அங்குலத் தட்டில் பல சமயம் பெயரே இருக்காது, வெற்று லேபிள். இருந்தால் தப்பாக இருக்கும்: பாடியவர் இடத்தில் தயாரிப்பாளர், இசையமைத்தவர் இடத்திலும் தயாரிப்பாளர். நாடா விலை அதிகம் என்பதால் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும். மிச்சம் இருந்த நாடாக்கள் கிங்ஸ்டன் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டுப்போயின.

சட்டமும் துணைக்கு இல்லை. ஜமைக்கா தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததே 1993 செப்டம்பரில்தான். அதுவரை காலனிக் காலத்து பிரிட்டிஷ் சட்டத்தின் நிழலில் ஓடிக்கொண்டிருந்தது. 'பிளட் அண்ட் ஃபயர்' தொடங்கிய அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைக்கத் தோன்றுகிறது.

*

இந்தத் தொழில்முறைக்கு ஓர் உதாரணம், அபிசீனியன்ஸ் குழுவின் 'சட்டா மசகனா'. 1969இல் ஸ்டூடியோ ஒன்னில் பதிவானது. முதலாளி காக்ஸன் டாட் அதை வெளியிடாமல் வைத்திருந்தார். பாடியவர்களே பணம் சேர்த்து, தங்கள் நாடாவைத் தாங்களே விலைக்கு வாங்கி, 1971இல் 'கிளிஞ்ச்' என்ற தங்கள் சொந்த லேபிளில் கொண்டுவந்தார்கள். இன்று ரூட்ஸ் ரெக்கேயின் தேசிய கீதம் என்றே அதைச் சொல்கிறார்கள். தான் பாடிய பாட்டைத் தான் காசு கொடுத்து வாங்குவது. இந்த ஒரு செய்தியை நினைத்தாலே எனக்கு மனம் ஆறுவதில்லை.

*

'பிளட் அண்ட் ஃபயர்' செய்ததில் நான் முதலில் வைப்பது ஒலியை அல்ல, ஒப்பந்தத்தை. தயாரிப்பாளர் யார், உரிமை யாரிடம் என்று விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதி, பணம் கொடுத்துப் போட்டார்கள். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ரெக்கே தொகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மலிவான உறை, மங்கிய ஒலி, பனைமரமும் கஞ்சா இலையும் வரைந்த அட்டை. பாடியவனுக்கு அவன் பாட்டு வெளிவந்ததே தெரியாது.

இவர்களுடைய உறையை வடிவமைத்தது லண்டனில் இருந்த 'இன்ட்ரோ' கூடம். தேய்ந்த மரத்தில் அச்சடித்தது போன்ற எழுத்து, கறை படிந்த தாள் நிறம், கிங்ஸ்டன் தெருக்களின் பழைய புகைப்படங்கள். உள்ளே தடித்த சிறு புத்தகம்: பாடகரின் பேட்டி, பாட்டு பதிவான இடம், வாசித்தவர்கள் பட்டியல்.

அந்தப் பட்டியலில்தான் என் கண் நிற்கும். 1996இல் வந்த 'ஃப்ரீடம் சவுண்ட்ஸ் இன் டப்' ஓர் உதாரணம். கிரீனிச் ஃபார்ம் பகுதியில் பெர்ட்ரம் பிரவுன் என்ற இளைஞர் நடத்திய 'ஃப்ரீடம் சவுண்ட்ஸ்' லேபிளின் பாட்டுகள், கிங் டப்பி என்ற ஒலிக் கலைஞரின் கலவையில். வாசித்தது சோல் சிண்டிகேட் குழு. கிட்டாரில் ஏர்ல் 'சின்னா' ஸ்மித், பேஸில் ஜார்ஜ் 'ஃபுல்லி' ஃபுல்வுட், டிரம்ஸில் கார்ல்ட்டன் 'சான்ட்டா' டேவிஸ். இவர்கள் வாசித்த பாட்டுகள் எத்தனை என்று எண்ணி முடியாது. அவற்றைக் கேட்டு ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு இவர்கள் பெயர் தெரியாது.

*

டப் பற்றி.

கிங் டப்பியின் இயற்பெயர் ஆஸ்பர்ன் ரடக். தொழில் எலக்ட்ரீஷியன். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பார், 'ஹோம் டவுன் ஹை-ஃபை' என்று சொந்த சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் டிராமிலி அவென்யூவில் இருந்த வீட்டின் முன்னறைதான் கூடம். ஒரு முழுக் குழு உட்கார்ந்து வாசிக்க அங்கே இடமில்லை. சேனல் ஒன், ரேண்டிஸ் போன்ற கூடங்களில் வாத்தியத்தைப் பதிந்து, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு டப்பியிடம் வருவார்கள், குரல் சேர்க்கவும் கலக்கவும்.

டைனமிக் சவுண்ட்ஸ் கூடம் கழித்துவிட்ட கலவைப் பலகையை அவர் வாங்கியிருந்தார். அதில் ஒரு பெரிய குமிழ். திருகத் திருகத் தாழ்ந்த சுருதிகள் படிப்படியாக அறுபட்டுப் போய், ஹை-ஹாட்டின் உரசல் மட்டும் விசிறிபோல் வீசும். நாடாவில் மொத்தம் நான்கே தடங்கள். குரலை இறக்குவார், பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும். பாடகனின் ஒரே ஒரு சொல் எக்கோவோடு எங்கிருந்தோ வந்து, சுழன்று, கரையும். கிட்டாரின் ஒரு வெட்டு வரும், போகும். பாட்டு ஓட ஓடவே கைகள் இதைச் செய்தன. இன்னொரு முறை கலந்தால் இன்னொரு பாட்டு.

ஏழு அங்குலத் தட்டின் பின்பக்கத்தில் 'வெர்ஷன்' என்று போட்டிருப்பது இதுதான். அதன்மேல் டீஜே பேசுவார், பாடுவார், இன்னொரு தட்டு உருவாகும். ஒரு ரிதம் பத்து இருபது பாட்டுகளாகப் பெருகும். ஒரே சிந்து மெட்டுக்குப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாக வரி கட்டியதைப் போல. 'பிளட் அண்ட் ஃபயர்' போட்ட முதல் தட்டும் இந்த வகைதான்: 1974 முதல் 1977 வரை பன்னி லீ தயாரிப்பில், டப்பியின் வீட்டில் பதிவான டீஜேக்கள். 1994இல் வந்தது.

டப்பி அதைப் பார்க்கவில்லை. 1989 பிப்ரவரி 6 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 48.

*

காங்கோஸ் குழுவின் 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' ஆல்பம். இதற்குத் தனியாக ஒரு பக்கம்.

கிங்ஸ்டனின் வாஷிங்டன் கார்டன்ஸில் தயாரிப்பாளர் லீ பெரி தன் வீட்டுப் பின்கட்டில் 1973இல் கட்டிய கூடம் 'பிளாக் ஆர்க்'. அங்கேயும் நான்கு தட இயந்திரம்தான். நான்கும் நிரம்பியதும் ஒன்றாகச் சுருக்கி, விடுபட்ட இடத்தில் இன்னும் நிரப்புவார். சுருக்கும்போதெல்லாம் ஒலி கொஞ்சம் மங்கும், கொஞ்சம் இரைச்சல் ஏறும். அந்த மங்கலையே அவர் ஒரு நிறமாக்கிக்கொண்டார். பாட்டு நீருக்கடியிலிருந்து எழுந்து வருவதுபோல் இருக்கும்.

அங்கே பாடிய காங்கோஸ் குழுவில் செட்ரிக் மைட்டன் உச்சியில் பாடுகிற கள்ளக்குரல். ராய்டெல் ஜான்சன் நடுக்குரல். வாட்டி பர்னெட் அடியில். முதல் பாட்டு மீனவனைப் பற்றியது. வலை போடச் சொல்கிற அந்தக் குரலில் பசியும் வேதாகமமும் சேர்ந்தே கேட்கும். இடையிடையே மாடு கத்துகிற ஒலி எங்கிருந்தோ வரும். முதலில் விசித்திரமாக இருக்கும். நாலைந்து முறை கேட்டபின் அது இல்லாமல் பாட்டைக் கற்பனை செய்ய முடியாது.

1977இல் முடிந்த இந்த ஆல்பத்தை ஐலண்ட் நிறுவனம் உலகச் சந்தைக்கு எடுக்கவில்லை. அதே காலத்தில் பெரி செய்த மற்ற சில ஆல்பங்களை எடுத்தது, இதை விட்டுவிட்டது. ஜமைக்காவில் குறைந்த அளவில் அச்சானது. பிரிட்டனில் 1981இல் 'த பீட்' குழு தன் லேபிளில் ஒரு முறை போட்டது. பிறகு நீண்ட காலம், வைத்திருப்பவர்கள் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் கேள்விப்பட்டார்கள். 1996இல் 'பிளட் அண்ட் ஃபயர்' இரட்டைக் குறுந்தட்டாக, டப் கலவைகளும் நீண்ட பதிப்புகளும் சேர்த்துக் கொண்டுவந்தது. ரெக்கேயின் மிகச் சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இன்று இது இருக்கிறது. அந்த இடத்தை இதற்கு வாங்கிக் கொடுத்தது மறுவெளியீடுதான்.

*

ஒலியைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு கருத்து. மூல நாடா இல்லாதபோது, கிடைத்ததில் நல்ல தட்டிலிருந்து பிரதி எடுக்கிறார்கள். கீறல் சத்தத்தைக் கணினியில் நீக்கலாம். ஆனால் ஹை-ஹாட்டும் கீறலும் ஒரே உயரத்தில் வாழ்பவை. ஒன்றை அளவுக்கு மீறித் துடைத்தால் மற்றது செத்துவிடும். துடைத்தெடுத்த ரெக்கேயில் பேஸ் பெரிதாக இருக்கும், உயிர் இருக்காது. கொஞ்சம் கீறல் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற கட்சி நான்.

*

பாடகர் யாபி யூ. இயற்பெயர் விவியன் ஜாக்சன். இளவயதிலேயே பசியும் நோயும் உடம்பை முறித்துப்போட்டன, கைத்தடியோடு நடந்தார். சுற்றி இருந்த ராஸ்தாக்கள் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமென்றபோது, இவர் கிறிஸ்துவே தெய்வம் என்று வாதாடினார். அதனால் 'ஜீசஸ் டிரெட்' என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் வைத்தவர்களோடேயே சேர்ந்து பாடவும் செய்தார். தானே தயாரித்தார். டப்பி கலந்து கொடுத்தார். சில நூறு தட்டுகள் அச்சாகி, பெயர் மாறி மாறி வெளிவந்து, சிதறிப்போயின.

1997இல் அவருடைய 1972 முதல் 1977 வரையிலான பாட்டுகளை, ஒவ்வொன்றின் வெர்ஷனையும் பின்னாலேயே வைத்து, இரண்டு குறுந்தட்டுகளாக 'ஜீசஸ் டிரெட்' என்ற பெயரிலேயே கொண்டுவந்தார்கள். சிதறிப்போன அந்த வருஷங்களின் வேலை ஒரே இடத்தில் கூடியது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். 2010இல்தான் இறந்தார். டப்பிக்கு வாய்க்காதது, 1984இல் இறந்த தயாரிப்பாளர் கீத் ஹட்சனுக்கு வாய்க்காதது, இவருக்கு வாய்த்தது. ஹட்சனின் 'பிக் எ டப்' 1974இல் வந்த தொடக்க கால டப் ஆல்பங்களில் ஒன்று. மறுபதிப்பு வந்தபோது அவர் போய்ப் பத்து வருஷம்.

*

இதே காலத்தில் இதே வேலையைச் செய்தவர்கள்: லண்டனில் 'பிரஷர் சவுண்ட்ஸ்'. பெர்லினில் மார்க் எர்னஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும், நியூயார்க் பிராங்க்ஸில் லாயிட் பார்ன்ஸ் நடத்திய 'வாக்கீஸ்' தட்டுகளை 2001 முதல் மறுபடி அச்சடித்தார்கள். டெக்னோ இசைக்காரர்கள் அவர்கள். தாங்கள் கற்ற பள்ளி எது என்று தெரிந்து அதற்குச் செய்தார்கள்.

2018இல் யுனெஸ்கோ ரெக்கேயை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால் அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே சிலர் நாடாவைத் தேடி வீடு வீடாகப் போயிருந்தார்கள்.

*

2000களின் பிற்பகுதியில் 'பிளட் அண்ட் ஃபயர்' நின்றுபோனது. அவர்கள் மீட்ட தட்டுகளே இப்போது பழைய தட்டுக் கடைகளில் தேட வேண்டியவை. காங்கோஸ் ஆல்பம் 2017இல் அதன் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பாக வி.பி. நிறுவனத்தின் மூலம் மறுபடி வந்தது.

புதிதாகக் கேட்பவர் யாராவது எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஹோரஸ் ஆண்டியின் 'இன் த லைட்' என்பேன். பிரிட்டிஷ் குழுவான மாஸிவ் அட்டாக்கின் பாட்டுகளில் கேட்ட அதே நடுங்கும் குரல், 1977இல், எவர்ட்டன் டசில்வாவின் தயாரிப்பில். 'பிளட் அண்ட் ஃபயர்' போட்ட 1995 பதிப்பில் பாட்டும் பிரின்ஸ் ஜாமி கலந்த டப்பும் ஒரே குறுந்தட்டில் இருக்கின்றன. முதலில் பாட்டு முழுவதும். பிறகு டப் முழுவதும். நல்ல ஸ்பீக்கரில், பேஸைக் குறைக்காமல்.