ஞாயிற்றுக்கிழமை அப்பா



ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியானால் எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். மருமகள் நெத்திலிச் சம்பலைத் தனியாகவும் புளிக்குழம்பைத் தனியாகவும் டப்பாவில் போட்டுக் கட்டுவாள். மகன் மோட்டார் சைக்கிளின் டயரை அழுத்திப் பார்ப்பான். மூவாரிலிருந்து கேலாங் பாத்தாவுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கே நான்கு பேரோடு ஒரு வாடகை அறை. திங்கள் விடியுமுன் எழுந்து, இரண்டாம் பாலத்தில் வரிசை பிடித்து, ஜூரோங்கில் உள்ள தொழிற்சாலைக்குப் போக வேண்டும். மறுபடி அவன் முகத்தைப் பார்ப்பது சனிக்கிழமை இரவில்தான்.

சில மாதங்களுக்கு முன், அப்படிப் புறப்பட்டு நின்றவனிடம் என் பேத்தி ஒன்று கேட்டாள். அவளுக்கு வயது நான்கு.

"அப்பா, மணியாச்சே! நீங்க இன்னும் உங்க வீட்டுக்குப் போகலியா?"

'உங்க வீடு' என்றாள், வாசகர்களே! குழந்தை வஞ்சமில்லாமல்தான் கேட்டது. மகன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். மருமகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். "வந்து சேர்ந்துட்டேம்மா" என்று அவன் சொல்லும்வரை வழக்கம்போல் அன்றும் நான் படுக்கவில்லை. ஆனால் அன்று சொன்ன பிறகும் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் அதிவேக ரயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "டீச்சருக்கு ஓய்வு பெற்றபின் வேறு வேலை இல்லை போலும்" என்று நினைத்துவிடாமல் கொஞ்சம் காது கொடுங்கள்.

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதிவேக ரயில் விடப் போவதாக இரு நாட்டுப் பிரதமர்களும் 2013-ஆம் ஆண்டு அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் ஒப்பந்தமும் ஆனது. தூரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பயண நேரம் ஒன்றரை மணி. பண்டார் மலேசியா, சிப்பாங்-புத்ராஜெயா, சிரம்பான், மலாக்கா, மூவார், பத்து பகாட், இஸ்கண்டார் புத்ரி, ஜூரோங் என எட்டு நிலையங்கள். எங்கள் மூவாரின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2018-இல் ஒத்திவைத்தார்கள். 2021 ஜனவரி முதல் நாள், திட்டம் ரத்து என்று அறிவித்தார்கள். போடாத பாதைக்காக மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. 2023-இல் மறுபடி தனியார் நிறுவனங்களிடம் யோசனை கேட்டார்கள். ஏழு கூட்டணிகள் திட்டம் கொடுத்தன. கல்யாணப் பேச்சு நடப்பதும் நிற்பதுமாகவே காலம் போகிறது, பெண்ணுக்கு வயதாகிறது!

"இருக்கிற ரயில் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மின்சார ரயில் 2025 டிசம்பரில் ஜொகூர் பாருவரை வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அது எந்த வழியாகப் போகிறது? 1909-இல் ஜொகூர் வழியாகப் போட்ட பழைய பாதை கிம்மாஸ், சிகாமட், குளுவாங் என்று உள்நாட்டுப் பக்கமாகவே போனது. இன்றைய ரயிலும் அதே தடத்தில்தான் ஓடுகிறது. மூவாரில் 1890 முதல் 1929 வரை ஒரு சின்ன ரயில் ஓடியதாம். அதை நிறுத்தியதோடு சரி. கடலோரத்து மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் இன்றுவரை ரயில் கிடையாது. ஜொகூர் பாருவையும் உட்லண்ட்சையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயிலோ நான்கு கிலோமீட்டர் நீளமே உடையது. மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேரை ஐந்தே நிமிடத்தில் அக்கரை சேர்ப்பதற்காகப் போட்ட பாதை அது. பாலத்து நெரிசலில் வாடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பாலம்வரை வந்து சேர எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நம் வரலாற்றையும் சற்று நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்வரை ஓடியது. எதற்காக? ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதற்காக. பிறகு கித்தாவுக்காகப் பாதைகள் நீண்டன. காடு வெட்டிக் கட்டை அடுக்கித் தண்டவாளம் பதித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! 1942, 43-ஆம் ஆண்டுகளில் தோட்டத்து மக்களை ரயிலேற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனதையும், ஆயிரமாயிரம் பேர் திரும்பாததையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சரக்குக்காகப் பாதை போட்டாயிற்று, போருக்காகவும் போட்டாயிற்று. பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு பாதை போடக்கூடாதா?

"இது பணக்கார நாட்டு விளையாட்டு" என்பது அடுத்த ஆட்சேபம். ஜப்பான் 1964 அக்டோபரில் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகின் முதல் அதிவேக ரயிலை விட்டபோது, அதற்காக உலக வங்கியில் கடன் வாங்கியிருந்தது. ஆறரை மணிப் பயணம் நான்கு மணியானது; மறு ஆண்டே இன்னும் குறைந்தது. தைவானில் 2007 முதல் ஓடும் ரயிலின் பாதை நீளம் ஏறக்குறைய நம் 350 கிலோமீட்டர்தான். அங்கே விரைவு வண்டி ஒன்றரை மணிக்குச் சற்று மேலாக எடுத்துக்கொள்கிறது. ஜக்கார்த்தாவிலிருந்து பாண்டோங்குக்கு 2023 முதல் முக்கால் மணியில் போகிறார்கள். தாய்லாந்தும் பாங்காக்கிலிருந்து வடகிழக்கு நோக்கிப் பாதை போடும் வேலையில் இறங்கியது. இவையெல்லாம் ஒருநாள் ஒன்றோடொன்று கைகோக்கலாம். அந்தச் சங்கிலியில் நம் கண்ணி மட்டும் விட்டுப்போக வேண்டுமா?

செலவைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். இந்தத் திட்டத்துக்கு 110 பில்லியன் வெள்ளி ஆகும் என்று 2018-இல் நம் பிரதமரே சொன்னார். ஜக்கார்த்தா ரயில் போட்ட கணக்கை மீறிச் செலவானது. அந்தக் கடன் அந்த நாட்டை அழுத்துகிறது. தைவான் ரயிலைக் கட்டிய தனியார் நிறுவனமும் நொடித்துப்போகும் நிலைக்கு வந்து, அரசாங்கம் கைகொடுத்த பிறகே நிமிர்ந்தது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைய நிலையிலும் நாம் செலவு செய்துகொண்டுதானே இருக்கிறோம்? பெட்ரோலுக்கு, வாடகை அறைக்கு, பாலத்தில் கரையும் மணிகளுக்கு. இரவு நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைக்காகத் தாய் விழித்திருக்கும் இரவை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே நான் கேட்பது, 'ரயில் வேண்டும்' என்பதோடு முடியவில்லை. யாருக்கான ரயில் என்பதையும் கேட்கிறேன்.

முதலாவது, செலவைக் குறைக்கிறோம் என்று சின்ன ஊர் நிலையங்களை வெட்டிவிடக் கூடாது. கோலாலம்பூரில் ஏறி ஜூரோங்கில் இறங்குபவர்களுக்கு விமானம் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? இரண்டாவது, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதச் சீட்டு வேண்டும். சம்பளத்தில் பாதியை விழுங்கும் கட்டணம் என்றால், அந்த ரயிலை நாங்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும். மூன்றாவது, மூவார் நிலையம் பாகோ பக்கம் அமையும் என்றார்கள். அது பட்டணத்துக்கு வெளியே. நிலையத்துக்கும் ஊருக்கும் தோட்டங்களுக்கும் நேரத்துக்குப் பஸ் வேண்டும். நான்காவது, பழைய திட்டப்படி எங்கள் ஊரில் ஏறுபவர் இஸ்கண்டார் புத்ரியில் இறங்கி, அங்கேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்து, ஜூரோங் வண்டிக்கு மாற வேண்டும். ஒரே இடத்தில் சோதனை என்பது நல்ல ஏற்பாடு. அந்த மாற்றத்துக்குக் காத்திருக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்தால், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். சோற்றைச் சூடாகச் சாப்பிடுவான். மகளின் பள்ளிப் பையைத் திறந்து பார்ப்பான். இதைவிடப் பெரிய ஆசை எங்களுக்கு இல்லை.

வாசகர்களே, பத்து பகாட்டிலும் சிரம்பானிலும் மலாக்காவிலும் உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படித்தான் வாரம் ஒருமுறை விருந்தாளியாக வந்து போகிறானா? அப்படியானால் அடுத்தமுறை உங்கள் தொகுதி மன்ற உறுப்பினர் திருவிழாவுக்கோ தேர்தலுக்கோ வரும்போது, மாலை போட்டுவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஊரில் நிற்குமா? எங்கள் சம்பளத்துக்குக் கட்டுமா?" ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். ஊரே கேட்டால் குறித்துக்கொண்டு போவார்.

என் பேத்திக்கு வயது நான்கு. திங்கட்கிழமையும் அப்பா இருக்கும் வீட்டை, அவள் வளர்ந்து முடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.