கையும் படித்த பள்ளிக்கூடம்

1950-களின் நடுவில் ஒரு வேலை நாள். காலை எட்டு மணிக்கு முன்பே செகண்ட் அவென்யூ நிறைந்துவிடுகிறது. டெட்ராய்ட் நகரத்தின் நாலா பக்கமிருந்தும் வந்த பஸ்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நகர்கின்றன. ஒரு பையன் தோளில் டி-ஸ்கொயரைச் சாய்த்துக்கொண்டு போகிறான். ஒரு பெண் செல்லோப் பெட்டியை அணைத்தபடி படி ஏறுகிறாள். இன்னொருத்தியின் கையில் மடித்த துணியும், காகிதத்தில் வெட்டிய சட்டை மாதிரிகளும். அவர்கள் நுழையும் எட்டு மாடிக் கட்டடம் 1922-இல் திறக்கப்பட்டது. பெயர் காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி. ஊரார் வாயில் காஸ் டெக்.

இங்கே சேரும் பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதிலேயே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மின்சாரம், மோட்டார் வாகனம், அச்சு, விளம்பர ஓவியம், இசை, ஆடை வடிவமைப்பு, வேதியியல் எனப் பட்டியல் நீளும். ஆங்கிலமும் கணக்கும் வரலாறும் எல்லோருக்கும் பொது. மற்ற நேரமெல்லாம் எடுத்துக்கொண்ட துறைக்கு.

வார்ப்பு மாதிரி செய்யும் பட்டறையில் மரத்தூள் மணம். ஏப்ரன் கட்டிய பையன்கள், கழுத்துப் பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பைன் மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மரத் துண்டை மணலில் பதித்து எடுத்தால் ஒரு குழி விழும். அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றினால் எந்திரத்தின் பாகம் பிறக்கும். டெட்ராய்டில் ஓடும் ஒவ்வோர் எஞ்சினுக்கும் முன்னால் இப்படி ஒரு மரம் இருந்திருக்கிறது.

ஒரு பையன் அளவுகோலை எடுத்து மரத்தின் மேல் வைக்கிறான். பார்வைக்குச் சாதாரண அடிக்கோல்தான். ஆனால் அதன் ஓர் அடி, உண்மையான ஓர் அடியைவிட அரைக்கால் அங்குலம் நீளம். இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். ஆகவே மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் கோலையே நீட்டிச் செய்துவிட்டார்கள். மாதிரியின் பக்கச் சுவர்களிலும் கண்ணுக்குத் தெரியாத சாய்வு இருக்க வேண்டும். நேர்குத்தாக இருந்தால் வெளியே எடுக்கும்போது மணல் உதிர்ந்துவிடும். ஆசிரியர் வந்து மரத்தின் விளிம்பில் கட்டை விரலை ஓட்டிப் பார்க்கிறார். பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் விரலைப் பிடித்து அதே விளிம்பில் ஒரு முறை ஓட்டவைக்கிறார். பையன் தலையாட்டிவிட்டு உளியை எடுக்கிறான். வெப்பத்தில் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும் அவன் பௌதிகப் புத்தகத்தில் படித்திருப்பான். இன்று அது அவன் விரலுக்கும் தெரிகிறது.

அச்சுக்கூடத்தில் மையும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி. சாய்ந்த மேஜையின் மேல் எழுத்துப் பெட்டி. ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகள், அறை அறையாகக் கிடக்கின்றன. அடிக்கடி தேவைப்படும் எழுத்துக்குப் பெரிய அறை, கைக்கு அருகில். எப்போதாவது வருவதற்குச் சிறிய அறை, ஓரத்தில். இடது கையில் கம்போசிங் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் எழுத்துக் கோக்கிறான். எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன. வரி மட்டும் இடமிருந்து வலமாகவே வளர்கிறது. சிறிய 'டி'க்கும் 'க்யூ'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவன் கை ஒரு கணம் தயங்குகிறது. எழுத்தின் உடலில் உள்ள வெட்டு மேலே பார்க்கிறதா என்று விரலால் தடவிச் சரிபார்க்கிறான். ஒரு வரி முடிந்தால் அது அளவுக்கு இறுக வேண்டும். அதற்காகச் சொற்களுக்கு நடுவே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகுகிறான். எழுத்துப் பிழை என்பது இந்தப் பையனுக்கு இனி சிவப்பு மையால் போட்ட வட்டம் மட்டும் அல்ல. இடுக்கியால் பிடுங்கி எடுத்து வேறு ஒன்றைச் சொருக வேண்டிய, எடையுள்ள பொருள்.

வரைபட வகுப்பில் பேச்சே இல்லை. நாற்பது பென்சில்கள் காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும். பலகையின் முன்னால் ஓர் இரும்புத் துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதை முன்னிருந்தும், மேலிருந்தும், வலப்புறமிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்த மூன்று பார்வைகளையும் ஒரே தாளில் வரைய வேண்டும். ஒளிந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கோடு. நடு அச்சுக்கு நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் கோடு. எதிரில் இல்லாத ஒருவன் இதைப் பார்த்து, கேள்வியே கேட்காமல் அதே பொருளைச் செய்துவிட வேண்டும்.

ஃபோர்ட் தொழிற்சாலையில் உழைத்த ஒருவரின் மகன் ஜான் டிலோரியன், 1940-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளியில் மின்சாரத் துறையை எடுத்துப் படித்தவர். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பான்டியாக் பிரிவுக்குத் தலைவரானார். தந்தை நின்ற தரையிலிருந்து மகன் அமர்ந்த நாற்காலி வரை ஏறிப்போக, இந்தப் பள்ளியும் ஒரு படி.

இசைக் கூடத்துக்கு வந்தால் வேறு உலகம். வரிசையாக ஹார்ப்புகள். 1925 முதல் இந்தப் பொதுப்பள்ளியில் ஹார்ப் கற்றுத்தருகிறார்கள், கட்டணம் இல்லாமல். வசதி படைத்த வீட்டு வரவேற்பறைக்கு உரியது என்று கருதப்பட்ட வாத்தியத்தின் முன்னால், தொழிலாளியின் மகள் அமர்ந்திருக்கிறாள். நாற்பத்தேழு நரம்புகள், ஏழு மிதிகள். எந்த நரம்பு எது என்று கண் தேடாதிருக்க, 'சி' நரம்புகளுக்குச் சிவப்பும் 'எஃப்' நரம்புகளுக்குக் கறுப்பும். சுண்டுவிரலுக்கு இங்கே வேலை இல்லை. மற்ற நான்கும் மீட்ட, கால்கள் மிதிகளில் சுரத்தை ஏற்றி இறக்குகின்றன. அவள் விரல் நுனியில் காய்ப்பு ஏறியிருக்கிறது. மரப் பட்டறைப் பையனின் உள்ளங்கையில் இருக்கும் அதே காய்ப்பு.

இந்தக் கூடத்தில் படித்தவர் டோரதி ஆஷ்பி. ஜாஸ் இசைக்குள் ஹார்ப்பைக் கொண்டுபோய் உட்காரவைத்த கறுப்பினப் பெண். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் இங்கே படித்தவர். பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸும் இங்கே படித்தவர்.

ரான் கார்ட்டரும் இங்கே படித்தவர்தான். அவர் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் முதலில் செல்லோ வாசித்தார். வெளியே வாசிக்கக் கிடைத்த வாய்ப்புகள் தன்னைத் தாண்டி வெள்ளை மாணவர்களுக்கே போவதைக் கவனித்தார். 1954-இல் பள்ளி இசைக்குழுவின் ஒரே பாஸ் கலைஞர் படிப்பை முடித்துக் கிளம்பவிருந்தார். அந்த இடம் காலியானால் தன்னைத்தான் அழைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, செல்லோவை விட்டுவிட்டு பாஸுக்கு மாறினார். பிறகு இசைக் கல்லூரி. அங்கே வந்த பெரும் இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி, அவர் திறமையை மெச்சிவிட்டு, தாம் நடத்தும் இசைக்குழுவை ஆதரிப்பவர்கள் கறுப்பின இளைஞரை ஏற்க மாட்டார்கள் என்று சொன்னார். கார்ட்டர் ஜாஸுக்குப் போனார். 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்தவர் என்று கின்னஸ் அவரைப் பதிந்திருக்கிறது. ஜாஸ் வரலாற்றில் வேறெந்த பாஸ் கலைஞரும் இத்தனை பதிவுகளில் இல்லை.

பள்ளி அவருக்குக் கையைக் கொடுத்தது. கதவைத் திறக்கும் அதிகாரம் பள்ளியிடம் இல்லை.

தையல் அறையில் நீராவி பறக்கிறது. கம்பளித் தொப்பித் துணியை ஆவியில் காட்டி, அது இளகும்போது மரத் தலையச்சின் மேல் இழுத்துப் பொருத்துகிறாள் ஒரு மாணவி. ஆறுவதற்குள் சுருக்கம் எல்லாம் நீங்கிவிட வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பெண்கள் தொப்பி அணிந்து போகும் காலம். இது சோறு போடும் தொழில். சில ஆண்டுகள் கழித்து டயானா ராஸ் ஆடை வடிவமைப்பும் தொப்பித் தொழிலும் கற்று, 1962-இல் இந்தப் பள்ளியை முடித்தார். சுப்ரீம்ஸ் குழுவில் அவர் பாடியதை உலகம் கேட்டது.

இந்த அறையில் பையன் ஒருவனையும் காணோம். வார்ப்புப் பட்டறையில் பெண் ஒருத்தியையும் காணவில்லை. சமையல் மேடைகளின் முன்னும் தட்டச்சுப் பொறிகளின் முன்னும் பெண்கள். கடைசல் எந்திரத்தின் முன்னால் பையன்கள். அன்றைய அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இதே பிரிவினை. யாரும் இதை விவாதிக்கவில்லை. மணி அடித்ததும் இரு வரிசைகளாகப் பிரிந்து, அவரவர் தளத்துக்குப் போகிறார்கள்.

பட்டறையிலிருந்து வெளியேறும் பையன்களிலும் பிரிவினை தொடர்கிறது. ஒரே ஆசிரியரிடம், ஒரே மரத்தில், ஒரே மதிப்பெண்ணுடன் முடித்த இருவர். வெள்ளைப் பையனுக்கு கார் தொழிற்சாலையில் தேர்ந்த தொழிலாளிக்கான பயிற்சி இடம் கிடைக்கும். கறுப்பினப் பையனுக்கு அது கிடைப்பது அத்தி பூத்தாற்போல. அவனுக்குப் பெரும்பாலும் உலைக்களமும் சுத்தம் செய்யும் வேலையும்தான் காத்திருந்தன.

இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் உண்டு. 1917-இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம். வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் பொதுப்பள்ளிகளில் கற்பிக்க, மத்திய அரசு முதல்முறையாகப் பணம் கொடுத்தது. 1957 அக்டோபரில் சோவியத் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் நாட்டின் கவலை திசை திரும்பியது. மறு ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியல், கணிதம், அயல்மொழிகளுக்குப் பணத்தைத் திருப்பியது. 1963-இல் தொழிற்கல்விக்குப் புதுச் சட்டம் வந்தது. 1972-இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. தையல் அறைக்குப் பையனும் பட்டறைக்குப் பெண்ணும் உரிமையோடு வர வழி பிறந்தது. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் கல்லூரி ஒன்றே குறி என்றாகி, பல ஊர்ப் பள்ளிகளில் கடைசல் எந்திரங்கள் விற்கப்பட்டன. கதவு எல்லோருக்கும் திறந்தபோது பல இடங்களில் அறையே இல்லை.

காஸ் டெக் 2005-இல் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய எட்டு மாடி 2011-இல் இடிக்கப்பட்டது. பள்ளி இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்தைப் போற்றிப் பாடுவது நியாயம் ஆகாது. பதினான்கு வயதுப் பிள்ளையின் நிறத்தையும் பாலினத்தையும் பார்த்து, இதுதான் உனக்கு என்று சொன்ன காலம் அது. ஆனால் இரும்பு சுருங்கும் அளவை விரலால் அறியவும், நாற்பத்தேழு நரம்புகளைத் தொழிலாளியின் மகள் மீட்டவும், பொதுப் பணத்தில் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஒதுக்கியதும் அதே காலம்தான். முதலாவது மன்னிக்க முடியாத தவறு. இரண்டாவது மறக்கக் கூடாத சரி. தவறை நீக்குவதற்குச் சரியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. எந்த ஊரானாலும், பள்ளியை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: படிப்பு வராதவனை அனுப்பும் இடமாக அல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் நுழையும் இடமாக, ஒரு பட்டறையையும் ஓர் இசைக் கூடத்தையும் திறந்து வையுங்கள்.