எண்பதுக்கு அப்புறம்

மே 12, 2021

கொப்பியில் தன்னைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவள் ‘சித்தி’ என்றுதான் எழுதுகிறாள். ‘நான்’ என்று எழுதினால் தோட்டத்து ஆபீசுக்குப் பெட்டிசம் எழுதுகிற மாதிரி இருக்கிறதாம். சித்திரை வருசப் பிறப்புக்கு நாலு நாள் லீவு என்று கொழும்புப் புடவைக்கடையிலிருந்து வந்தவள். வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். நேற்றிரவு முதல் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை. “சொல்லி அனுப்புறோம்” என்றார் முதலாளி.

பட்டிப்பொல ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. அவ்வளவு உயரத்தில் இருந்தும் லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடுதான், அதுவும் பனிமூட்டம் வரும்வரை.

அக்கா மகன் தரம் 2. முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2020 ஜனவரியில். மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். பிறகு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. இப்போது ஏப்ரல் கடைசியிலிருந்து மூடிக் கிடக்கிறது. இவன் எழுத்துப் படித்த நாளைவிடக் கைகழுவப் படித்த நாள்தான் அதிகம் என்கிறாள் அம்மாயி.

மே 14

இத்தனை நாள் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் போனில் பாடம் வந்தது. அவள் கொப்பியைப் பார்த்து இவன் எழுதுவான், அதைப் படம் பிடித்து அனுப்புவார்கள், சேர் சிவப்பில் சரி போட்டுத் திருப்பி அனுப்புவார். இன்று முதல் சித்தியின் போன்.

சேர் ஒரு பாடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்து வொய்ஸ் அனுப்பியிருந்தார். பிள்ளை அதை மூன்று தடவை கேட்டான். பிறகு புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, ஒரு பிழை இல்லாமல் வாசித்தான். சித்திக்குப் பெருமை. இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் கவனித்தாள்: விரல் இரண்டாவது வரியில் நிற்கிறது, வாய் நாலாவது வரிக்குப் போய்விட்டது.

நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்னா?” என்றாள். பதில் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. முதல் வரியிலிருந்து ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தை எட்டியதும் சத்தமாக ஒரு சொல் சொன்னான். பக்கத்துச் சொல்லைச் சொல்லியிருந்தான்.

கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. கொப்பி முழுக்க சிவப்புச் சரி. ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது.

மே 15

அக்காவிடம் சொல்லவில்லை.

மே 27

21ஆம் திகதியிலிருந்து நாடு முழுக்கப் பயணத் தடை. கடை இல்லை, கார்ட் இல்லை, டேட்டா இல்லை. தொலைக்காட்சியில் ‘குருகெதர’ போகிறது, தமிழுக்கு நேத்ரா அலைவரிசை. அதில் ஒரு டீச்சர் அழகாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை அவருக்கு இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னான், இரண்டும் பிழை. டீச்சர் “மிக நன்று” என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பாடம் பெட்டிக்குள்ளிருந்து வருவது ஒன்றும் புதிதில்லை. 1937இல் இளம்பிள்ளை வாதம் பரவிச் சிக்காகோவில் பள்ளிகளைத் திறக்க முடியாதபோது, வானொலியில் பாடம் வாசித்தார்கள், பத்திரிகைகளில் பயிற்சி அச்சிட்டார்கள். அந்த வானொலியும் எத்தனை பிள்ளைக்கு “மிக நன்று” சொல்லிவிட்டுப் போயிருக்குமோ.

ஜூன் 2

பயணிகள் ரயில் இல்லாத ஸ்டேஷனில் நாய்கள்தான் பிரயாணிகள். பால் வாங்கப் போகிற சாக்கில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர்ப்பலகையில் மூன்று மொழி. நம்முடையதைக் காட்டி வாசிக்கச் சொன்னாள்.

“பட்டிப்பொல” என்றான் உடனே. ஊர்ப் பெயர் எவனுக்குத்தான் தெரியாது? சித்தி குடையால் கடைசிப் பகுதியை மறைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் திறந்தாள். ‘ப’ சரி. ‘ட்’டுக்கு வந்ததும் ‘ட’ என்றான், புள்ளி அவன் கண்ணுக்கே படவில்லை. ‘பொ’ வந்ததும் நின்றுவிட்டான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“சித்தி, முன்னால கொம்பு நிக்குது. பின்னால அரவு நிக்குது. நடுவுலதான் ப. எத மொதல்ல சொல்லணும்?”

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வாசிப்பது இடமிருந்து வலம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒலியில் பின்னால் வருகிற கொம்பை எழுத்தில் முன்னால் நிறுத்தியிருக்கிறோம். 247 எழுத்து என்று மார்தட்டுகிறோமே, உண்மையில் உயிர் 12, மெய் 18, கொஞ்சம் கொம்பும் சுழியும் அரவும் புள்ளியும்தான். அந்தக் கொஞ்சத்தை யாரும் இவனுக்குக் காட்டவில்லை. அ, ஆ, இ, ஈ என்று ராகம் போட்டுப் பாடுவான். பாடுவதைக் காதால் படித்துவிடலாம். புள்ளியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

பால் வாங்க மறந்துவிட்டார்கள்.

ஜூன் 9

பத்துப் பத்தாக எண்ணுதல். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, “ஒன்பதுபது”.

அம்மாயி விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தியும் சிரித்தாள், பிறகு யோசித்துப் பார்த்தாள். ஏழிலிருந்து எழுபது, எட்டிலிருந்து எண்பது என்றால் ஒன்பதிலிருந்து என்ன வர வேண்டும்? பையன் சொல்வதுதான் நியாயம். தொண்ணூறு என்பது எங்கிருந்தோ நூறைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. தொள்ளாயிரம் அதைவிட மோசம். தமிழ் தடம் மாறிய இடத்தில் பிள்ளை தடம் மாறவில்லை. அதற்குச் சிவப்பில் பிழை போடுகிறோம்.

ஜூன் 10

இன்றும் ஒன்பதுபது.

ஜூன் 26

சித்தி அடித்துவிட்டாள். ‘கொ’வை ‘கெ’ என்று பத்தாவது தடவை சொன்னதற்கு. பென்சிலையும் முறித்தாள். வீட்டில் இருந்தது அந்த ஒரு பென்சில்.

அக்கா மலையிலிருந்து வந்து, படங்கைக் கழற்றிக்கொண்டே, “நீ ஏலெவல் படிச்சு புடவ மடிக்கிற. அவன் எத மடிக்கப் போறான்?” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 13

வாட்ஸ்அப் குரூப் அமைதி. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு நேற்றிலிருந்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திவிட்டன. இருபது வருசத்துக்கு மேலான பிரச்சினை. சேர்மார் சொந்தக் காசில் டேட்டா போட்டுத்தான் இவ்வளவு நாள் பாடம் அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் பிள்ளை போனை எடுத்துப் பார்த்தான். “சேர் கோவமா சித்தி?”

ஜூலை 30

பட்டிப்பொல ஸ்டேஷனைச் சுற்றித் தேயிலை குறைவு. பைனஸ் காடு, பண்ணைப் புல், லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட காணிகள். அக்கா கொழுந்து பறிக்கக் கீழ்த் தோட்டத்துக்குப் போகிறாள். ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அன்றைய நிறுவையை அம்மாயியிடம் ஒப்பிப்பது வழக்கம்.

“காலையில ஏழு. பகலைக்கு ஆறு. அந்திக்கு எட்டு. பதினெட்டு சரியா வந்துருச்சு.”

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: “இருவத்தொன்னு.”

தூங்குகிறான் என்று நினைத்தவன் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஏழும் ஆறும் பதின்மூன்று, எட்டைக் கூட்டினால் இருபத்தொன்று. பதினெட்டு எப்படி வரும்?

“தடவைக்கு ஒரு கிலோ கழிப்பாங்கடா. சாக்குக்கு, தண்ணிக்கு.”

எழுந்து வந்தான். மூலையில் கிடந்த கொழுந்துச் சாக்கைச் சுருட்டி ஒரு கையில் வைத்தான். மறுகையில் ஒரு கிலோ சீனிப் பக்கெட். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சாக்குக் கை மேலே போயிற்று, சீனிக் கை கீழே இறங்கிற்று. பக்கெட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். யாரும் பேசவில்லை.

சித்திக்குத் தூக்கம் வரவில்லை. மார்ச்சில் வந்த வர்த்தமானியின்படி நாட்கூலி 900 ரூபாயும் படி 100 ரூபாயும், ஆக 1,000. அந்தத் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். தோட்டம் கழிவு என்கிற அதே சொல்லைத்தான் கணிதப் புத்தகம் கழித்தல் என்கிறது.

ஜூலை 31

21 – 18 என்று கீழே கீழே எழுதிக்கொடுத்தாள். 17 என்று விடை போட்டான். எட்டிலிருந்து ஒன்று போனால் ஏழு, இரண்டிலிருந்து ஒன்று போனால் ஒன்று. எது பெரிசோ அதிலிருந்து எது சிறிசோ அதைக் கழிப்பது. நேற்றிரவு வரை அவன் செய்த எல்லாக் கழித்தலும் அப்படித்தான் என்று பழைய கொப்பியைப் புரட்டியபோது தெரிந்தது.

பிழை என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையே விடையை உற்றுப் பார்த்தான். “பதினேழு கிலோவா வெட்டுனாங்க? அப்படின்னா அம்மாவுக்கு நாலு கிலோதானே!” அழித்தான். மூன்று எழுதினான். பிறகுதான் ஏன் மூன்று என்று கேட்டான். பத்தில் ஒன்றைக் கடன் வாங்குவதை மொச்சைக்கொட்டையை வைத்துக் காட்டினாள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. போனைத் தேடவே இல்லை.

ஆகஸ்ட் 6

மழை. ஏழு, ஆறு, ஆறு. ஈரக் கொழுந்து என்று தடவைக்கு இரண்டு கழிவு. பதின்மூன்று. அரைப்பேர்.

பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்தான். பாராட்ட சித்திக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 21

மறுபடி ஊரடங்கு.

செப்டெம்பர் 5

இரசாயன உர இறக்குமதிக்கு மே மாதத்திலிருந்தே தடை. கீழ்க் காணிக்காரர் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். காலி உரப்பை லயத்து வாசலில் மிதியடியாகக் கிடக்கிறது. அதன்மேல் குந்திக்கொண்டு பிள்ளை “யூ... ரி... யா” என்றான். யாரும் கேட்கவில்லை, யாரும் வொய்ஸ் அனுப்பவில்லை. “யூரியான்னா என்னா சித்தி?”

பாடப்புத்தகத்தைத் திறந்தால் இன்னும் முதல் வரியிலிருந்துதான் மனப்பாடம்.

செப்டெம்பர் 19

கொப்பியின் பின்பக்கத்திலிருந்து பிள்ளை ஏதோ எழுதிவருகிறான். பார்த்தாள். ஒவ்வொரு நாளும் மூன்று எண், ஒரு கோடு, கழிவு.

அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “மடுவத்துப் பக்கம் வந்து இத சொல்லிறாம பாத்துக்க.”

ஒக்டோபர் 21

இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு திறந்திருக்கிறது. இவன் பாடசாலைக்குத் திங்கள்தான். சப்பாத்து சேரவில்லை. இரண்டு அளவு கூடிப்போயிருக்கிறது கால்.

ஒக்டோபர் 25

போனான். வந்தான். “சேர் என்னய வாசிக்கச் சொன்னாரு.”

“வாசிச்சியா?”

“பாதி.”

எந்தப் பாதி என்று சித்தி கேட்கவில்லை.

ஒக்டோபர் 28

தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டத்தை நேற்று மரக்காணத்தில் தொடங்கிவைத்திருக்கிறார்கள். அந்தந்த ஊரில் படித்தவர்கள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுப்பார்களாம். செய்தியைப் பார்த்து அம்மாயி “அங்க சித்திமாருக்குக் காசு குடுக்குறாங்களா?” என்றாள்.

மாலையில் புடவைக்கடையிலிருந்து அழைப்பு. தீபாவளி 4ஆம் திகதி. அதற்கு முன் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள்.

நவம்பர் 1

மாகாண எல்லை திறந்தாகிவிட்டது. நுவரெலியாவுக்கு வேன் ஏழு மணிக்கு.

கொப்பியை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு தகராறு. முன்பக்கம் சித்தியுடையது, பின்பக்கம் பிள்ளையுடையது. கடைசியில் பின்பக்கத் தாள்களைக் கிழித்து அவனிடமே கொடுத்தாள். அக்கா அவற்றை வாங்கி அடுப்பில் போடப் போகிறாள் என்றுதான் சித்தி நினைத்தாள். அக்கா விளக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“போன மாசம் மொத்தமா எவ்வளவுடா கழிச்சிருக்காங்க?”

பிள்ளை தாளைத் தரையில் விரித்துக் கூட்ட ஆரம்பித்தான். மூன்று, ஆறு, பன்னிரண்டு... விரல் இந்தத் தடவை சரியான வரியில் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்து நாலு, எண்பத்தேழு. இன்னும் ஒரு நாள் பாக்கி. அதிலும் மூன்று. நிறுத்திச் சித்தியைப் பார்த்தான்.

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான்.