பொத்தானில்லாத விசை

ராலி கார் ஒன்றின் ஸ்டியரிங்கை அருகில் சென்று பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். ஃபார்முலா ஒன் கார்களின் ஸ்டியரிங் நமக்குப் படங்களின் வழியே பழக்கம். அதில் பொத்தான்களும், திருகு குமிழ்களும், நடுவில் ஒளிரும் சிறு திரையும் உண்டு. அது வட்டமே அல்ல. இருபுறமும் கைப்பிடி வைத்த பலகை. ராலி காரில் இருப்பதோ பழைய வட்டம். வியர்த்தாலும் வழுக்காத தோல் போர்த்திய வளையம், நடுவில் ஆரக்கால்கள், அவற்றின் மேல் கட்டைவிரல் எட்டும் இடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில பொத்தான்கள். அவ்வளவுதான்.

2022இல் உலக ராலி சாம்பியன்ஷிப் 'ராலி1' என்னும் புதிய விதிமுறைக்கு மாறியது. டொயோட்டா யாரிஸ், ஹூண்டாய் ஐ20, ஃபோர்டு பூமா ஆகிய மூன்று கார்களும் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினோடு மின்மோட்டார் ஒன்றையும் சுமந்துகொண்டு வந்தன. இனி ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் கார் சீறிப் பாயும் என்று வீடியோ விளையாட்டுகளில் வளர்ந்த என் மாணவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அப்படி ஒரு பொத்தான் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பது எனக்குச் சுவையான கேள்வியாகப் பட்டது. இலக்கியம் பேசும் இடத்தில் காரைப் பற்றி எழுதுகிறேனே என்று நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்கு இது கைக்கும் மொழிக்கும் உள்ள உறவைப் பற்றிய விஷயமாகவே தோன்றுகிறது.

வட்டத்திலிருந்து தொடங்குவோம். ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கில் ஊன்றிய இடத்திலிருந்து பெயர்வதில்லை. ஆகவே எந்த விரலுக்கு எந்தப் பொத்தான் என்று நிலையாக ஒதுக்கிவிடலாம். ராலி அப்படியன்று. மலைச்சரிவின் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை அரைச்சுற்றுக்கு மேல் திருப்புகிறார். கார் பின்புறம் வழுக்கும்போது எதிர்த்திசையில் அவ்வளவும் திருப்ப வேண்டியிருக்கிறது. கைகள் வளையத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அரைச்சுற்று திரும்பிய ஸ்டியரிங்கில் இடப்பக்கப் பொத்தான் வலப்பக்கம் போயிருக்கும். மேலிருந்தது கீழே கிடக்கும். அந்த நேரத்தில் எதையும் தேடி அழுத்த முடியாது. தேடவும் கூடாது. எனவே ஸ்டியரிங்கில் வைக்கத்தக்கவை மிகச் சிலவே: கண்ணாடியில் சேறு அடித்தால் வைப்பர், ஹார்ன், பந்தயத் தொடக்கத்துக்கான அமைப்பு போன்றவை. அணிக்கு அணி இவை மாறும். பிற விசைகளெல்லாம் இரு இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள பலகைக்குப் போய்விடுகின்றன. ஒருசில வேலைகள் துணை ஓட்டுநரின் காலுக்கே போகின்றன. அவர் காலூன்றும் பலகையில் ஹார்ன் பொத்தான் பதித்த கார்கள் உண்டு. கையில் குறிப்பேடு இருப்பதால் அவருக்கு மிஞ்சியது கால்தானே.

இந்தப் படங்களை என்னுடன் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் என் அப்பா. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், பல ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்துப் பேருந்து. வலத் தோள் இன்றும் மழைக்காலத்தில் அவருக்கு அதை நினைவூட்டும். என் விளக்கங்களை அவர் கேட்பதில்லை. அவர் கண் திரையில் ஓட்டுநரின் கைகளிலேயே இருக்கும்.

"கியரு போடக் கைய எடுக்கறானே, ஒத்தக் கையில எப்படிப் புடிக்கிறான் கண்ணு?"

"பவர் ஸ்டியரிங்குங்கப்பா. கிளட்ச்சும் மிதிக்க வேண்டியதில்லைங்க, கெளம்பறப்ப மட்டுந்தான்."

"அப்பச் சரி."

அவர் கவனித்தது முக்கியமான இடம். 2017 முதல் 2021 வரை ஓடிய உலக ராலி கார்களில் ஸ்டியரிங்கின் பின்னால் ஒரு துடுப்பு இருந்தது. விரலால் அதை அசைத்தாலே கியர் மாறும், கையை எடுக்க வேண்டியதில்லை. ஹைபிரிட் கார்கள் வந்தபோது அந்தத் துடுப்பை விதிகள் நீக்கிவிட்டன. ஆறு கியர்களுக்குப் பதில் ஐந்து. பக்கத்தில் நிற்கும் நெம்புகோலைக் கையால் இழுத்துத் தள்ளித்தான் மாற்ற வேண்டும். மின்சாரம் வந்த அதே ஆண்டில் பழைய கைவேலையும் திரும்பி வந்தது. காரணம் கவித்துவமானது அல்ல, செலவுதான். ஹைபிரிட் பெட்டியின் விலையை ஈடுகட்ட வேறு இடங்களில் எளிமைப்படுத்தினார்கள். நடுவில் இருந்த மின்னணு டிஃபரன்ஷியலும் அப்படித்தான் போயிற்று. ஆனால் விளைவு ஓட்டுநரின் வலக்கைக்கோ இடக்கைக்கோ வந்து சேர்ந்தது: ஸ்டியரிங், நெம்புகோல், செங்குத்தாக நிற்கும் ஹேண்ட் பிரேக் என்று ஒரு கை மூன்று இடங்களுக்கு அலைகிறது. இதற்கு நடுவில் 'பூஸ்ட்' பொத்தானையும் அழுத்து என்றால் எந்தக் கையால்?

அப்படியானால் மின்விசை எப்படி வெளிப்பட்டது? ஆக்சிலரேட்டர் வழியாகத்தான். காரின் பின்பகுதியில் கார்பன் இழை உறைக்குள் மோட்டாரும் மின்கலமும் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்தன. மூன்று அணிகளுக்கும் ஒரே நிறுவனம் தந்த ஒரே பெட்டி. யாரும் திறந்து கைவைக்க முடியாது. மின்கலம் 3.9 கிலோவாட்-மணி, மோட்டார் 100 கிலோவாட், குதிரைச் சக்தியில் சுமார் 134. எஞ்சினோடு கூட்டினால் 500ஐத் தாண்டும். மின்கலத்தை முழு வேகத்தில் வடித்தால் கணக்குப்படி இரண்டு நிமிடம் இருபது வினாடிதான் தாங்கும். ஒரு பந்தயக் கட்டம் இருபது கிலோமீட்டர் நீளலாம். பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே செலவழிப்பதில் சிக்கனமும், பிரேக் பிடிக்கும்போது ஆற்றலை மீட்டெடுப்பதும் இன்றியமையாதவை.

இங்கேதான் அந்த விதியின் நுட்பம். பிரேக் பிடித்துக் குறைந்தது 30 கிலோஜூல் மீட்டால்தான் அடுத்த முறை மின்விசை திறக்கும். 30 கிலோஜூல் என்பது 100 கிலோவாட்டில் வினாடியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது சேமிப்பு என்பதைவிடக் கதவைத் திறக்கும் கடவுச்சொல் எனலாம். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிச் செல்லும் லாவகமான ஓட்டுநருக்கு அந்தக் கதவு திறக்காமற் போகலாம். அழுத்தமாகப் பிரேக் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்தது. எவ்வளவு விசை, எவ்வளவு நேரம், மிதியின் எந்த ஆழத்தில் என்பதையெல்லாம் ஓட்டுநரும் பொறியாளரும் முன்கூட்டியே வகுத்து மூன்று வரைவுகளாகக் காரில் பதித்து வைத்தார்கள். இறுக்கமான வளைவுகள் நிறைந்த கட்டத்துக்கு ஒன்று, நீண்ட வேகப்பாதைக்கு ஒன்று என்ற வகையில் ஓட்டுநர் தேர்வார். அதன்பின் வளைவுக்குள் யோசனைக்கு இடமில்லை.

அப்படியானால் இதில் ஓட்டுநர் எங்கே, முடிவெடுப்பது கணிப்பொறி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பந்தய ரசிகர்களிடையேயும் அந்த முணுமுணுப்பு இருந்தது. நான் அதை ஏற்கவில்லை. இதை அப்பாவிடம் என்னால் இயன்றவரை சொன்னபோது அவர் வியக்கவில்லை. "நாங்க வளைவுக்கு முன்னாலயே கியர எறக்கிருவோம். வளைவுல போயி என்ன யோசன?" என்றார். யாப்பு கற்ற எவருக்கும் இது புரியும். வெண்பா எழுதப் பழகியவன் எழுதும் கணத்தில் தளையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அந்தத் தீர்மானம் முன்பே எடுக்கப்பட்டுக் கைக்குள் போய்விட்டது. அதனால் அது அவன் தீர்மானம் அல்ல என்று ஆகிவிடாது.

கட்டங்களுக்கு இடையே பொதுச்சாலையில் செல்லும்போது நிலைமை வேறு. சில ஊர்ப்பகுதிகளிலும், அணிகள் கூடாரமிட்டுப் பழுதுபார்க்கும் இடத்திலும் எஞ்சினை அணைத்து மின்சாரத்தில் மட்டுமே செல்ல வேண்டும் என்று விதி இருந்தது. பல கிலோமீட்டருக்குக் கேட்கும் உறுமலோடு மலையிலிருந்து இறங்கிய கார், ஊர் எல்லையில் ஓசையடங்கி ஊர்ந்து செல்லும். அகநானூற்றின் நான்காம் பாடல் எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. கார்காலம் தொடங்கத் தலைவியிடம் விரையும் தலைவன், பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் மருண்டுவிடுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவும் வேண்டும், ஓசையும் கூடாது. குறுங்குடி மருதனாரின் அந்தத் தலைவனுக்கு விதிப்புத்தகம் ஒன்றும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஓசையில்லாத கார் என்றால் ஆபத்தும் ஓசையில்லாமல் வரும். உயர் மின்னழுத்தம் கசிந்தால் உலோகத்தைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. ஆகவே காரின் வெளியே தெரியும்படி விளக்குகள் வைத்தார்கள்: பச்சை எரிந்தால் தொடலாம், சிவப்பு எரிந்தால் நெருங்கக்கூடாது. 2022 பிப்ரவரியில் சுவீடன் ராலியின் முதல் முழு நாளிலேயே, ஹூண்டாய் ஓட்டிய ஓட் தானாக் ஹைபிரிட் கோளாறால் விலக நேர்ந்தது. ஸ்டியரிங் சரியாக இருந்தது, சக்கரங்கள் இருந்தன. பாதுகாப்பு விதி மேலே ஓட்டிச் செல்ல விடவில்லை. ராலி என்பது உடைந்த காரையும் கட்டியிழுத்து ஊர் சேர்க்கும் விளையாட்டு என்று பழகியவர்களுக்கு அது கசந்தது. எனக்கு அந்தக் கசப்பு புரிகிறது. ஆனால் விபத்து நடந்தால் ஓடிவந்து காரைத் தூக்கி நிமிர்த்துபவர்கள் சாலையோரம் நிற்கும் சாதாரண மனிதர்கள். அவர்கள் கையை எண்ணினால் விதியின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது.

இந்தக் கார்களின் முதல் பந்தயம் 2022 ஜனவரியில் நடந்த மான்டி கார்லோ ராலி. வென்றவர் செபாஸ்டியன் லோப்; வயது நாற்பத்தேழு. அவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்புகளை வாசித்தவர் இசபெல் கல்மிஷ், பிரான்சில் கணித ஆசிரியை. 1997இல் ஃபாப்ரிட்சியா பொன்ஸுக்குப் பின் உலக ராலி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். இறுதி நாள் வரை முன்னிலையில் இருந்த செபாஸ்டியன் ஓஜியேவுக்குக் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் டயர் வெடித்தது. கடைசிக் கட்டத்தில் அவர் விளக்கு அணைவதற்குள் கிளம்பிவிட்டதால் பத்து வினாடி தண்டனை வேறு. முடிவில் வித்தியாசம் 10.5 வினாடி. தொடக்க அமைப்பை இயக்கி, கிளட்ச்சை மிதித்து, கை பிரேக்கைப் பிடித்தபடி காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில், எந்தப் பொத்தானும் ஓட்டுநருக்குப் பொறுமையைத் தருவதில்லை.

எனக்கு இதில் மனம் நிற்பது அந்த ஆசிரியையிடம்தான். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு பாதையிலும் இருமுறை சாதாரண வேகத்தில் சென்று ஓட்டுநர் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்: வளைவின் கூர்மை, அடுத்ததன் தூரம், பனி எங்கே, மேடு எங்கே. பிறகு ஓட்டுநர் தன் சொற்களையே இன்னொருவர் குரலில் கேட்டு ஓட்டுகிறார். வாசிப்பில் ஒரு வரி முந்தினாலோ பிந்தினாலோ மலைச்சரிவு காத்திருக்கிறது. நம் முல்லைப் பாடல்களில் தேரில் அமர்ந்திருப்பவன் பேசுகிறான், பாகன் கேட்கிறான். பாகனின் மறுமொழி நமக்குக் கிடைப்பது அரிது. இங்கும் ஓட்டுநர் அநேகமாகப் பேசுவதில்லை. வகுப்பறையில் இருபதாண்டுகளாகப் பிறர் எழுதியதை உரக்க வாசித்து வரும் எனக்கு, வாசிப்பின் வேகத்தை இவ்வளவு கறாராகச் சோதிக்கும் வேறொரு வகுப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

2024 இறுதியில், அடுத்த ஆண்டு முதல் ஹைபிரிட் பெட்டி வேண்டாம் என்று சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு முடிவு செய்தது. 2025இல் அதே கார்கள் பெட்டி நீங்கி ஓடின. குறைந்தபட்ச எடை 1260 கிலோவிலிருந்து 1180 ஆயிற்று. எடை குறைந்ததை ஈடுகட்ட எஞ்சினுக்குக் காற்று புகும் வாயை 36 மில்லிமீட்டரிலிருந்து 35 ஆகச் சுருக்கினார்கள். மூன்று ஆண்டுகள் கால்கள் கற்றுவைத்த அந்த அழுத்தமான பிரேக், மூன்று வரைவுகள், பச்சை சிவப்பு விளக்குகள் எல்லாம் போயின. 22 வயதில் உலகச் சாம்பியனாகிய கல்லே ரோவன்பெராவுக்குக்கூட அந்தக் கால்பழக்கத்தின் ஒரு பகுதியை மறக்க வேண்டியிருந்திருக்கும். நெம்புகோல் மட்டும் துடுப்பாக மாறவில்லை. புதிய காட்சிகளை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மின்மோட்டார் போய்விட்டது என்று சொன்னதும் அவர் தலையை மட்டும் அசைத்தார். கண் ஓட்டுநரின் கையில் இருந்தது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு, வளைவு தெரிவதற்கு முன்பே அது இறங்கிக்கொண்டிருந்தது.